இரண்டாயிரத்து நாற்பதில் எத்தனை பேர்?

எத்தாளை
12.02.2025

தங்கச்சி மைமூனா,

உனக்கும் வீட்டில் எல்லாருக்கும் ஸலாம். முதலில் இந்த எழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள். சில எழுத்து பெரிதாக இருக்கிறது, சில எழுத்து எறும்பு போல இருக்கிறது. வரி நேராகத்தான் தொடங்குகிறது, தாளின் ஓரத்துக்குப் போவதற்குள் கீழே இறங்கிவிடுகிறது. பேனாவை மண்வெட்டி பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறேன் என்று டெனிஷா ரீச்சர் சொல்கிறார். ஆனால் இது என் சொந்தக் கை. வேறு ஒருவரும் எழுதித் தரவில்லை. எழுபத்தொரு வயதில் உன் நானா உனக்கு எழுதும் முதல் கடிதம் இது.

பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை பின்னேரம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. போன வருடம் சேர்ந்தேன். இப்போது கடைப் பலகை, மருந்துப் போத்தல் எல்லாம் வாசிக்கிறேன். போன கிழமை புத்தளம் பஸ்ஸின் பலகையை நானே வாசித்து ஏறினேன். சரியான பஸ்தான். ஆனால் எனக்கு அன்று எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. பாலாவி மட்டும் போய்த் திரும்பி வந்தேன். உன் மச்சி புருஷன் என்றும் பாராமல் இரண்டு நாள் கதைக்கவில்லை.

இங்கே ஒரு புதினம். திட்டமிடல் அலுவலகத்திலிருந்து சுஜாந்தி என்று ஒரு பிள்ளை வந்தாள். உடப்பு ஊர்க்காரி. இரண்டாயிரத்து நாற்பதாம் ஆண்டில் இந்தப் பக்கம் எத்தனை சனம் இருக்கும், என்ன வேலை செய்யும், எத்தனை வீடு தேவைப்படும் என்று இப்போதே கணக்குப் போடுகிறார்களாம். வீடு வீடாகக் கேட்கிறாள்.

"ஐயா, ரெண்டாயிரத்து நாப்பதில இந்த வீட்டுல எத்தின பேர் இருப்பீங்க?"

"ஒருத்தரும் இருக்கமாட்டம், மகள். நாங்க மன்னார். ஊருக்குப் போயிருவம்."

உனக்குத் தெரியும்தானே, பேப்பரோடு யார் வந்து கேட்டாலும் நாங்கள் சொல்வது இதுதான். தொண்ணூறில் முசலியை விட்டு விரட்டப்பட்டு வந்து முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்த நாளிலிருந்து சொல்கிறோம். நான் சொல்லி முடிக்கும்போது பின்பக்கம் கொங்கிறீட் மெஷின் சத்தம் போட்டது. மகன் நிஸார் மேல் அறைக்குக் கொங்கிறீட் தட்டுப் போடுகிறான். சுஜாந்தி அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு நான் சொன்னதை எழுதிக்கொண்டாள்.

தட்டு நன்றாக வந்திருக்கிறது. இரண்டு யன்னல் வைக்கிறோம், கடல் காற்று வரும்.

இதற்கு டெலிபோனில் பதில் சொல்லிவிடாதே. எழுது. தபால்காரன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

உன் நானா
ஜவாஹிர்


முசலி
03.03.2025

நானா,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் உங்கள் கைக்கு இன்னும் பலம் தரட்டும். நோன்பு தொடங்கிவிட்டது, நாங்கள் எல்லாரும் சுகம். என் கால் வீக்கமும் இறங்கியிருக்கிறது.

கடிதம் வந்தபோது ரிப்கான் பார்த்துவிட்டு, "உம்மா, மாமா ஆள் புடிச்சு எழுதியிருக்காரு" என்றான். "இப்பிடி எழுத்த காசு குடுத்தாலும் ஒருத்தனும் எழுதமாட்டான். இது என்ர நானாதான்" என்று சொன்னேன். வாசித்து முடிக்க எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. அழுததில் பாதி நேரம் போய்விட்டது. வாப்பா இருந்திருந்தால் இந்தத் தாளைக் கண்ணில் ஒற்றியிருப்பார். அவர் என்னை ஐந்தாம் வகுப்பு மட்டும் படிக்க வைத்தார், உங்களைத் தோணியில் ஏற்றினார்.

உங்களிடம் வந்த அதே கணக்கு இங்கேயும் வந்தது. இங்கே வந்தவர் அலுவலகச் சேர் ஒருவர். உங்கள் காணியின் வேலியைக் காட்டி, "இதுல ஆரு வந்து இருக்கப்போறாங்க?" என்று கேட்டார். நான் விடுவேனா? "என்ர நானாட குடும்பம், சேர். ஏழு பேர். வாறாங்க" என்றேன். உங்கள் ஏழு பேரையும் இரண்டாயிரத்து நாற்பதில் எங்கள் ஊரில் போட்டுக்கொண்டார். சனம் கூடினால் பஸ் இன்னொரு தரம் ஓடுமாம். இப்போது காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அதைத் தவறவிட்டால் நடைதான்.

நானா, தெளிவாக எழுதுங்கள். எப்போது வருகிறீர்கள்? நான் இங்கே திரும்பி வந்து குடியேறிய நாளிலிருந்து, நானா வருவார் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மச்சியிடம் ஸலாம் சொல்லுங்கள். அந்த மேல் அறைக்கு இரண்டு யன்னல் போதுமா?

மைமூனா


எத்தாளை
22.03.2025

தங்கச்சி மைமூனா,

உன் கால் வீக்கம் இறங்கியது கேட்டு மனம் குளிர்ந்தது. உப்பைக் குறை. நாங்கள் சுகம். நோன்புக் கஞ்சி இந்த முறை எங்கள் பள்ளிவாசலில் நன்றாக இருக்கிறது, நானும் பேத்தி நஸ்ஹாவின் இரண்டு தம்பிமாரும் வாளியோடு போய் வரிசையில் நிற்கிறோம்.

தபால்காரன் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். நான் கேட்காத மாதிரி இருந்தேன். இன்னொரு தரம் கூப்பிட்டான்.

கிணற்றுத் தண்ணீர் வரவர உவராகிறது. தேயிலைச் சாயமே மாறிப்போகிறது. குழாய்த் தண்ணீர் வந்தால் நல்லது என்று உன் மச்சி தினமும் சொல்கிறாள். நஸ்ஹா இந்த வருடம் ஓ.எல். சோதனை எடுக்கிறாள். அதற்கு மேல் எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு இல்லை. புத்தளம் போக வேண்டும். வெங்காயம் இந்தப் போகம் நல்ல விலை. நிஸார் தன் லொறியில் மூன்று தரம் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றிவிட்டான். மேல் அறைக்கு யன்னலை மூன்றாக்கிவிட்டோம்.

அந்தக் காணி எப்படி இருக்கிறது? பற்றை வளர்ந்திருக்குமே. மரம் ஏதும் நிற்கிறதா?

கை வலிக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன். உனக்கும் பிள்ளைகளுக்கும் துஆ செய்கிறேன், நீயும் செய்.

ஜவாஹிர்


முசலி
20.04.2025

நானா,

பெருநாள் முபாரக், பிந்தித்தான் சொல்கிறேன். எல்லாரும் சுகம். றிப்னாவுக்கு இது ஆறாவது மாதம். போன வருடம் ரிப்கானைக் கட்டி வந்தபோது காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருந்தாள், இப்போது கதவை அடைத்துக்கொண்டு நடக்கிறாள்.

காணி நன்றாக இருக்கிறது. துப்புரவாக இருக்கிறது. ஒரு பற்றை கூட இல்லை. அதைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

மழை இல்லை. வயல் காய்கிறது. இங்கே வந்து குடியேறியவர்களில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. பெருநாளுக்கு வந்து முற்றம் கூட்டிவிட்டுத் திரும்பப் புத்தளம் போய்விடுகிறார்கள். அவர்களைக் கேட்டால் அவர்களும் "வருவம், வருவம்" என்றுதான் சொல்கிறார்கள்.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. உவர்த் தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் வெங்காயப் பாத்தியில் நிற்க வேண்டாம்.

மைமூனா


எத்தாளை
18.05.2025

தங்கச்சி மைமூனா,

ஸலாம். றிப்னாவுக்கு நல்ல மாதிரி நடக்க நாங்கள் எல்லாரும் துஆ செய்கிறோம். எனக்கு ஒரு குறையும் இல்லை, பல் ஒன்றைத் தவிர.

போன ஞாயிறு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. சுஜாந்தி எடுத்த கணக்கைக் கொண்டுவந்து சுவரில் படமாகக் காட்டினாள். பக்கத்து ஊர்களின் கோடு எல்லாம் இரண்டாயிரத்து நாற்பதை நோக்கி மெல்ல மேலே போகிறது. எங்கள் கோடு மாங்காய் விழுகிற மாதிரி விழுகிறது.

"இது எங்கட ஊர்தானா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"ஓம். எத்தின பேர் பிறப்பாங்க, எத்தின பேர் மவுத்தாவாங்க, எத்தின பேர் வருவாங்க, எத்தின பேர் போவாங்க, இந்த நாலையும் வச்சுத்தான் கணக்கு" என்று சுஜாந்தி சொன்னாள். "உங்கட ஊர்ல பத்துக்கு ஒன்பது வீடு போறம் எண்டு சொல்லியிருக்கு. அப்ப நாப்பதில ஆள் இல்ல. ஆள் இல்லாட்டி வேலைத்தளம் தேவையில்ல, புது வீடு தேவையில்ல, மேல் வகுப்புத் தேவையில்ல. குழாய்த் தண்ணியும் இந்தச் சந்தி மட்டும்தான் வரும்."

சந்தி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். படத்தில் குழாய்க் கோடு அந்தச் சந்தியோடு நிற்கிறது.

மண்டபம் முழுக்கச் சத்தம். நிஸார் எழும்பி, "அப்ப கடைசியாப் போறவன் பள்ளிட லைட்ட ஓஃப் பண்ணிட்டுத் திறப்ப ஆர்ட்ட குடுக்கிற?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சுஜாந்தி கோபப்படவில்லை. "எங்கட பெரியவரும் இதத்தான் கேட்டார். போறவங்க ஏன் மேல தட்டுப் போடுறாங்க எண்டு. ஆனா நீங்க சொன்னத மாத்தி எழுத எங்களுக்கு ஏலாது. ஓகஸ்ட்ல திருப்பி ஒருக்கா வாறம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

என் வீட்டுத் தட்டைத்தான் அவள் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

மைமூனா, ஹஜ் பெருநாள் முடிந்த கிழமை நான் ஒரு நடை அங்கே வருகிறேன். அனுராதபுரம் சுற்றி வந்தாலும் பரவாயில்லை. காணியில் நின்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு உன்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்.

ஜவாஹிர்


முசலி
28.05.2025

நானா,

எல்லாரும் சுகம். அவசரமாக எழுதுகிறேன்.

ஹஜ் பெருநாளுக்கு வர வேண்டாம். வெயில் கடுமை. றிப்னாவின் வீட்டார் வந்து நிற்பார்கள், படுக்க இடம் போதாது. பாதையும் சரியில்லை. பல்லை முதலில் காட்டுங்கள். பிறகு ஆறுதலாக வரலாம், மாரி முடிய வாருங்கள்.

காணிக்கு ஒன்றும் இல்லை.

மைமூனா


எத்தாளை
29.06.2025

தங்கச்சி மைமூனா,

உனக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். பல்லைப் பிடுங்கியாயிற்று. உன் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். சின்னக் கடிதம், அதனால் வாசிப்பது சுலபம், விளங்கிக்கொள்வதுதான் கஷ்டம். நான் எதையோ சொல்ல வருகிறேன் என்று உனக்குப் பட்டுவிட்டது, அதைக் கேட்க உனக்கு விருப்பமில்லை என்று நினைக்கிறேன். வேறு யாரும் சொல்லி உன் காதில் விழுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளி வளவில் எல்லாரும் நின்றோம். ஓகஸ்ட்டில் வரும்போது என்ன சொல்வது என்று கதை. ஜவ்பர் ஹாஜியார், அவர்தான் இப்போது பள்ளித் தலைவர், "எப்பவும் சொன்னதத்தான் சொல்லோணும். இருக்கிறம் எண்டு வாயால வந்தா அங்க உள்ள காணி போயிரும். வாப்பாமார அடக்கின கபுறு அங்க கிடக்கு" என்றார்.

சுஜாந்தி காணி உறுதிக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். காணி யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை. யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். அதை நான் சொன்னேன். யாரும் காதில் எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஹாஜியார், உங்கட மேல்மாடிக்கு டைல்ஸ் வந்து இறங்கினத ஊரே பாத்திச்சு. நீங்க போகக்குள்ள அத கழட்டிக்கிட்டா போவீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "என்ன விடு. நீ போறியா, ஜவாஹிர்? வருவன் எண்டு மைமூனாக்கு வாக்குக் குடுத்தவன் நீ. எல்லாருக்கும் தெரியும். சொல்லு, போறியா?"

மைமூனா, சனம் முழுக்க என்னைப் பார்த்தது. நிஸார் தூரத்தில் லொறிக்குப் பக்கத்தில் நின்றான்.

"இல்ல" என்றேன். "நான் போகல்ல. இங்கதான் இருக்கப்போறன்."

சொல்லிவிட்டு நிஸாரின் லொறியில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

நான் அங்கே இருந்தது முப்பத்தாறு வருடம். இங்கே முப்பத்தைந்து. அடுத்த வருடம் இரண்டும் சரிக்குச் சரி வரும். நிஸார் இங்கே வளர்ந்தவன். அவனுடைய வேலை, கடன், சண்டை, கூட்டாளி எல்லாம் இங்கே. உன் மச்சிக்கு மூன்று வீட்டுக்கு உள்ளேயே கதை முடிவதில்லை. நான் இந்தக் காற்றைப் பார்த்து வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவன். அங்கே வந்தால் ஒரு விருந்தாளி. ஊரை நான் மறக்கவில்லை. வாப்பாவின் கபுறை மறக்கவில்லை. ஆனால் போவேன் என்று சொல்லச் சொல்ல நான் இருந்துகொண்டே இருக்கிறேன்.

உனக்குக் கொடுத்த வாக்கை முறித்துவிட்டேன். திட்டி எழுது. ஆனால் எழுது.

ஜவாஹிர்


எத்தாளை
27.07.2025

தங்கச்சி மைமூனா,

ஸலாம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். றிப்னாவுக்குப் பிள்ளை கிடைத்துவிட்டதா?

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் சொன்னதை மீறிப் போன் எடுத்தேன். "சிக்னல் இல்ல நானா" என்றாய். சிக்னல் இல்லாமல் எப்படி அது எனக்குக் கேட்டது?

தபால்காரன் இப்போது எங்கள் வாசலில் பெல் அடிக்காமல் போகிறான். என் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருக்கிறது போல.

சுஜாந்தி அடுத்த மாதம் வருகிறாள். ஊரில் கொஞ்சப் பேர் என்னிடம் இரகசியமாக வந்து, "நானா, நாங்களும் இருக்கிறம் எண்டுதான் சொல்லப்போறம்" என்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. உன் வாயால் ஒரு சொல் வந்தால் போதும். நீ வரச் சொன்னால், இன்னும் ஒரு தரம் யோசிக்கிறேன்.

ஜவாஹிர்


முசலி
12.08.2025

நானா,

வ அலைக்குமுஸ்ஸலாம். பிள்ளை கிடைத்துவிட்டது. பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். மூக்கு உங்கள் மூக்கு, பாவம்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நான் அழுதேன் என்றா நினைக்கிறீர்கள்? குசினியில் பலகையில் உட்கார்ந்து சிரித்தேன். றிப்னா பயந்து ரிப்கானைக் கூப்பிட்டாள். அவனிடம் கொடுத்தேன். அவன் வாசித்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். "உம்மா, அப்ப கூரைய கழட்டத் தேவல்ல" என்றான்.

நானா, உங்கள் காணியில் ரிப்கான் வீடு கட்டிவிட்டான். இரண்டு அறை, ஒரு குசினி, ஓட்டுக்கூரை. அவன் கல்யாணம் முடித்த கையோடு தொடங்கியது. அதனால்தான் பற்றை இல்லை என்று எழுதினேன், அது பொய் இல்லை. நீங்கள் ஹஜ் பெருநாளுக்கு வருகிறேன் என்று எழுதியபோது எங்கள் வீட்டில் மூன்று நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஏன் கேட்காமல் செய்தேன் என்று நினைப்பீர்கள். கேட்டால் நீங்கள் ஓம் என்று சொல்லிவிடுவீர்கள். சொன்ன பிறகு உங்களுக்கு வருவதற்கு இடம் இருக்காது. நானாவின் வழியை நானே அடைத்தவள் ஆகிவிடுவேன். அதனால் கேட்கவில்லை. எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். வரவேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கேட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பதில் எழுத ஆறு கிழமை எடுத்ததற்கு வெட்கம்தான் காரணம். நீங்கள் எழுத்துப் பழகியே ஒரு வருடம்தான். அதற்குள் இவ்வளவு உண்மை எழுதிவிட்டீர்கள். நான் சின்ன வயதிலிருந்து எழுதுகிறேன், வெயிலையும் பாதையையும் எழுதினேன்.

போன கிழமை அந்தச் சேரின் அலுவலகத்துக்குப் போய் உங்கள் ஏழு பேரையும் வெட்டச் சொன்னேன்.

"ஏழு பேரும் எங்கம்மா போனாங்க?"

"எங்கயும் போகல்ல சேர். இருந்த இடத்திலயே இருக்காங்க. ஆனா அந்தக் காணியில இப்ப மூணு பேர் குடியிருக்காங்க. ஒண்டு பிறந்து ரெண்டு கிழமை."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு இடத்திலும் கணக்கு ஏன் சரிவரவில்லை என்று இப்போதுதான் விளங்குது என்றார். புத்தளத்தில் போகிறோம் என்று சொன்ன சனத்தை எல்லாம் இங்கே வருகிறார்கள் என்று போட்டிருக்கிறார்களாம். வந்தவர்களும் இல்லை, போனவர்களும் இல்லை. வராத ஏழு பேரை விடத் தொட்டிலில் கிடக்கிற ஒன்று பள்ளிக்கூடத்துக்கு உதவும் என்று சொல்லி அதைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் அங்கேயே இருங்கள், நானா. இருந்துகொண்டு வந்து போங்கள். விருந்தாளியாக வாருங்கள். விருந்தாளிக்கு இங்கே நல்ல சாப்பாடு.

மைமூனா


எத்தாளை
31.08.2025

என் தங்கச்சி மைமூனா,

உனக்கும் ரிப்கானுக்கும் றிப்னாவுக்கும் புது விருந்தாளிக்கும் ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். உன் மச்சி இன்றைக்கு வட்டிலப்பம் செய்தாள். பெருநாளும் இல்லை, கல்யாணமும் இல்லை. கேட்டதற்கு, "மைமூனா கோவிச்சிக்கல்ல, அதுக்கு" என்றாள்.

உன் கடிதத்தை மருமகள் நிஸ்ரின் எல்லாருக்கும் சத்தமாக வாசித்தாள். நானே வாசிக்கலாம்தான். ஆனால் கூரை கழற்றுகிற இடத்தில் என்னால் முடியவில்லை, கண் நிறைந்து எழுத்து ஓடிவிட்டது. நிஸார் சிரித்துச் சிரித்துத் திண்டாடிப் போனான். அந்தப் பொடியன் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததற்கு நான் பதில் சொல்ல வேண்டும். காணியை ரிப்கான் பேருக்கு எழுதித் தருகிறேன். மாரி முடிய வந்து, உறுதி எழுதுகிற நொத்தாரிசு முன்னால் வைக்கிறேன். பெருவிரலை மையில் தொட மாட்டேன். கையெழுத்து வைப்பேன். அதற்காக இப்போதிருந்தே என் பெயரை எழுதிப் பழகுகிறேன்.

இனி செவ்வாய்க்கிழமைக் கதை. சுஜாந்தி திரும்ப வந்தாள். ஜவ்பர் ஹாஜியார் வீட்டிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அத நான் சொல்லக்கூடாது, ஐயா" என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்து, "டைல்ஸ் நல்ல வடிவா இருக்கு" என்றாள்.

கதிரை போட்டுக் கொடுத்தோம். இந்த முறை கேள்வி வேறு மாதிரி. போவீர்களா என்று கேட்கவில்லை. யார் யார் எங்கே வேலை செய்கிறார்கள், பிள்ளை எங்கே படிக்கிறது, மகன் எங்கே வீடு கட்டுவான் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் இங்கே என்றுதான் வந்தது. அதை நாங்கள் சொல்லச் சொல்ல எங்களுக்கே புதினமாக இருந்தது.

நஸ்ஹா மட்டும், "என்ன போடவேணாம் அக்கா. நான் படிக்கக் கம்பசுக்குப் போயிருவன்" என்றாள்.

உன் மச்சி விடவில்லை. "போனா வரமாட்டியா? ரெண்டு பேரா வருவாள், மகள். ரெண்டாப் போடு."

"வாப்பும்மா!" என்று கத்திவிட்டு அவள் உள்ளே ஓடிவிட்டாள். சுஜாந்தி அதை என்னமாய்ப் போட்டாளோ தெரியாது.

பிறகு என்னிடம் வந்தாள். வந்து தயங்கினாள்.

"உங்கட வயசுக்காரங்களிட்ட நாங்க கேட்கிறதில்ல, ஐயா. அதுக்கு ஒரு விகிதம் இருக்கு. அதால குறைச்சுக்கொள்ளுவம்."

"எவ்வளவு குறைப்பாய்?"

பேனா மூடியைக் கடித்தாள். "நாப்பதில... பத்துப் பேர்ல ஒரு மூணு பேர் இருப்பாங்க."

நிஸார் நிலத்தைப் பார்த்தான். நிஸ்ரின் தேத்தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழும்பினாள். எனக்கு ஒரு கவலையும் வரவில்லை, மைமூனா. பயமும் வரவில்லை. முப்பத்தைந்து வருடமாக நாளைக்குப் போகிறவன் மாதிரி இருந்தவன் நான். ஒருத்தி வந்து பதினைந்து வருடத்துக்கு அப்பால் நீ இங்கே இருப்பாயா என்று யோசிப்பதே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

"மூணு பேர் இருப்பாங்கதானே? அந்த மூணுல என்னப் போடு" என்றேன்.

"அப்பிடிப் போட ஏலாது, ஐயா."

"போட ஏலும். நான் சும்மா இருக்கப்போறல்ல. எழுத வேண்டிய கடிதம் கிடக்கு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து எதையோ எழுதினாள். இத்தனை வருடமாக எத்தனையோ பேர் என் முன்னால் உட்கார்ந்து என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முகாமில், அரசாங்கக் கச்சேரியில், ஆஸ்பத்திரியில். என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. கை நீட்டிய இடத்தில் விரலை வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்குக் கதிரையைக் கொஞ்சம் முன்னால் இழுத்து எட்டிப் பார்த்தேன். தலைகீழாக இருந்தது. அவள் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

மெதுவாக வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். என் பெயர். வயது எழுபத்தொன்று. அதற்குப் பக்கத்தில்: இங்கேயே இருப்பார்.

திருத்த ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

குழாய்த் தண்ணீர் எங்கள் பக்கம் வரும் என்று அவள் வாக்குக் கொடுக்கவில்லை. சந்தியோடு நின்ற கோட்டை இந்தக் கணக்கை வைத்து நீட்டச் சொல்லிக் கேட்பார்களாம். இதுவரை பார்த்த வீடுகளில் போகிறோம் என்று சொன்னது இரண்டே இரண்டு வீடுதானாம். அவர்கள் உண்மையாகவே போகிறவர்கள், அங்கே உன் ஊருக்குத்தான் வருகிறார்கள். தேங்காய் கொடுத்து அனுப்புகிறேன், வாங்கிக்கொள்.

விளக்குக்கு எதிரே இருந்து எழுதுகிறேன், உன் மச்சி படுக்கச் சொல்கிறாள். ரிப்கானிடம் சொல், கூரையில் கை வைக்க வேண்டாம். உப்பைக் குறை. பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று நீ எழுதவில்லை, உடனே எழுது. அடுத்த கிழமை அந்தப் பெயருக்கே ஒரு கடிதம் எழுதுவேன். அவள் வாசிக்கப் பழகும் வரை நீ அதை உடைக்காதே.

உன் நானா
ஜவாஹிர்